திரையில் ஹரிதாஸ், சிறையில் பாகவதர்

1944 அக்டோபர் 16, தீபாவளி. சென்னை பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' வெளியானது. அடுத்த தீபாவளி வந்தது; அதே தியேட்டர், அதே படம். 1946 தீபாவளிக்கும் அங்கே 'ஹரிதாஸ்'தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம் என்ற பெருமை தாத்தா பாட்டி வழியாக நம் காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு செய்தியை மட்டும் அநேகமாக யாரும் சொல்வதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் படம் ஓடிய காலத்தின் பெரும்பகுதியில், அதன் நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறையில் இருந்தார். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கைதி அவர்.

வெளியே மணி அடித்து விளக்கணைந்ததும் பட்டுடையும் புரளும் முடியுமாக அவர் தோன்றிப் பாடுவார். கூட்டம் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கும். ஒரே ஊரின் பேச்சில் ஒரே மனிதர் இரண்டு பேராக இருந்தார். அந்த இருவரில் யாரை மக்கள் நேசித்தார்கள் என்ற கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. உச்சப் புகழ் என்பது எப்படி உருவாகிறது, யாருக்குச் சொந்தமாகிறது, எப்போது கைவிட்டுப் போகிறது என்பதையெல்லாம் பாகவதரின் வாழ்க்கையைப் போல அப்பட்டமாகக் காட்டும் இன்னொரு வாழ்க்கை தமிழ்த் திரையில் இல்லை என்றே நினைக்கிறேன்.

தொண்டை ஒன்றே முதலீடு

1910-இல் மாயவரத்தில், பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. குலத்தொழிலில் பையனுக்கு மனம் செல்லவில்லை; பாட்டுதான் வேண்டும் என்று நின்றான். திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்துகொண்டே நாடகம் வளர்த்த எஃப்.ஜி. நடேச ஐயர், 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசன் வேடத்துக்கு அந்தப் பையனைப் பிடித்துப் போட்டார். அங்கே தொடங்கியது எல்லாம்.

அந்தக் கால நாடக மேடையை இன்று கற்பனை செய்வது கடினம். ஒலிபெருக்கி இல்லை. விடிய விடிய நடக்கும் நாடகத்தில், கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்கவேண்டும். உச்ச ஸ்தாயியில் நின்று பாடமுடியாதவன் ராஜபார்ட் ஆகமுடியாது. அந்த மேடையின் முடிசூடா மன்னர் எஸ்.ஜி. கிட்டப்பா. அவர் 1933 டிசம்பரில், 27 வயதில் இறந்துபோனார். அடுத்த ஆண்டே கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் 'பவளக்கொடி' படமாக வந்தது, பாகவதர் அர்ச்சுனன். கிட்டப்பாவை இழந்து தவித்துக்கொண்டிருந்த காதுகளுக்கு ஒரு குரல் கிடைத்தது. பாகவதரின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெரும் புகழ் வெற்றிடத்தில் முளைப்பதில்லை. ஏற்கெனவே ஓர் ஏக்கம் காத்திருக்கவேண்டும். அந்தப் பசி எவ்வளவு பெரிது என்று அறிய, கிட்டப்பாவின் துணைவியார் கே.பி. சுந்தராம்பாளுக்கு 'நந்தனார்' படத்துக்காக 1935-இல் ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டதை நினைத்துப்பார்த்தால் போதும். அப்போது ஒரு லட்சம் என்பது நிலபுலனாகவும் வீடுகளாகவும் தெருத்தெருவாக வாங்கக்கூடிய தொகை.

நாடகம் போகமுடியாத ஊருக்கெல்லாம் படப்பெட்டி போனது. டூரிங் டாக்கீஸ் கொட்டகைகள் வயல்வெளிகளில் எழுந்தன. இசைத்தட்டு வந்து, கல்யாண வீடுகளிலும் கடைத்தெருக்களிலும் அதே குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டது. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை வாங்கிப் போனவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடிப் பழகினார்கள். ஒருவரை ஒருமுறைகூட நேரில் பார்க்காதவன், அவர் தொண்டையின் ஒவ்வொரு சுழிப்பையும் அறிந்திருக்க முடியும் என்ற நிலை தமிழ்நாட்டில் முதன்முதலாகப் பெரிய அளவில் பாகவதருக்குத்தான் வாய்த்தது.

இன்னொன்றும் நடந்தது. சபாக்களுக்குள் இருந்த கர்நாடக இசையை, பாபநாசம் சிவனின் எளிய தமிழ்ச் சொற்களில் ஏற்றி, அவர் தெருவுக்குக் கொண்டுவந்தார். வண்டி ஓட்டுபவரும் களை பறிப்பவரும் ராகத்தின் பெயர் தெரியாமலே அந்த ராகத்தைப் பாடினார்கள். சபா வாசலைத் தாண்டியே இராதவர்களுக்கு அந்தச் செல்வத்தில் ஒரு பங்கு கிடைத்ததே, அதுதான் அவர்மீது வைத்த அன்பின் ஆழமான வேர் என்று எனக்குப் படுகிறது. அழகும் பட்டு ஜிப்பாவும் அதன்மேல் வந்தவை.

1937-இல் 'சிந்தாமணி' வந்தது. ஓராண்டுக்கும் மேல் ஓடியது. அதில் வந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி, அதற்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில், தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யும் பெருவெற்றி. பிறகு 'திருநீலகண்டர்', 'அசோக்குமார்', 'சிவகவி', 'ஹரிதாஸ்'. பத்தாண்டுகளில் மொத்தம் ஒன்பதே படங்கள்தான். இன்று ஒரு நடிகரின் முகம் விடிந்தால் கைப்பேசியில், தெருமுனைக்கு வந்தால் நகைக்கடை விளம்பரத்தில். பாகவதரைப் பார்க்க அடுத்த படம் வரும்வரை காத்திருக்கவேண்டும். அந்த இடைவெளியில்தான் கதைகள் வளர்ந்தன.

அவர் தங்கத்தட்டில் சாப்பிட்டார் என்பார்கள். அவர் போகும் ரயிலை நிறுத்தத் தண்டவாளத்தில் ஜனங்கள் நின்றார்கள் என்பார்கள். அவர் தலைமுடியைப் பார்த்து ஊர் ஊராக இளைஞர்கள் பாகவதர் கிராப் வைத்துக்கொண்டதற்கு அந்தக் காலப் புகைப்படங்களே சாட்சி. தங்கத்தட்டுக் கதையைச் சொன்னவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். போர்க்காலத்தில் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள். அவர்கள் அதைப் பொறாமையோடு சொல்லவில்லை, பூரிப்போடு சொன்னார்கள். நம்மில் ஒருவன், பொற்கொல்லர் வீட்டுப் பையன், தங்கத்தில் சாப்பிடுகிறான் என்ற நினைப்பே அவர்களுக்கு ஒரு விருந்தாக இருந்தது. உச்ச நட்சத்திரத்திடம் மக்கள் எதிர்பார்ப்பது நடிப்பை மட்டுமா? தங்களுக்குக் கிடைக்காத வாழ்வைத் தங்கள் சார்பில் ஒருவர் வாழ்ந்து காட்டவேண்டும் என்கிறார்கள்.

'ஹரிதாஸ்' ஓடியதற்குப் போரும் ஒரு காரணம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். படச்சுருள் தட்டுப்பாடு. 11,000 அடிக்கு மேல் படம் எடுக்கக் கூடாது என்று அரசு வரம்பு கட்டியிருந்தது. வந்த படங்களே சொற்பம். ஆனாலும் அந்தச் சொற்பத்தில் மற்ற எதுவும் மூன்று தீபாவளி பார்க்கவில்லை.

எட்டிப் பார்க்கும் ஆசை

புகழ் ஓர் அளவைத் தாண்டியதும், மேடையில் தெரிவது போதாமல், திரைச்சீலைக்குப் பின்னாலும் பார்க்கவேண்டும் என்ற ஆசை கூட்டத்துக்கு வருகிறது. அந்த ஆசையை விலைக்கு விற்றவர் சி.என். லட்சுமிகாந்தன். 'சினிமா தூது' என்ற பத்திரிகையில் நடிகர், நடிகையரின் அந்தரங்கத்தை எழுதினார். பொறுக்கமுடியாத திரையுலகினர் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். மனுக் கொடுத்தவர்களில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் இருந்தார்கள். பத்திரிகையின் உரிமம் ரத்தானது. அவர் 'இந்து நேசன்' என்ற பத்திரிகையின் வழியே அதே வேலையைத் தொடர்ந்தார்.

1944 நவம்பர் 8. சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். 'ஹரிதாஸ்' வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் இறுதியில் பாகவதர், கலைவாணர், கோவைத் திரைப்பட இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைதானார்கள். நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை.

பாட்டுப் புத்தகம் வாங்கிய அதே கைகள்தான் 'இந்து நேசன்' இதழையும் வாங்கின. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரவில்லை, துக்கம்தான் வருகிறது. ஒருவரை அளவுக்கு மீறி உயர்த்தி வைக்கும்போதே, அவர் சறுக்குவதைப் பார்க்கும் ஆவலும் அதே மனத்தின் ஓரத்தில் இடம் பிடித்துக்கொள்கிறது. வழக்கு அந்த ஆவலுக்குத் தீனி போட்டது. எத்தனையோ நாட்கள் நாளிதழ்களில் வேறு பேச்சில்லை.

மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி அங்கிருந்து உத்தரவு வந்தது. 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தது. லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்ற கேள்வி இன்றுவரை கேள்வியாகவே நிற்கிறது. அவர் எழுதியதை ஏற்கமுடியாது. அவர் செத்த விதத்தையும் ஏற்கமுடியாது.

ஒரே வாசலில் இருவர்

இங்கேதான் இந்தக் கதை மற்ற வீழ்ச்சிக் கதைகளிலிருந்து பிரிகிறது. ஒரே வழக்கில், ஒரே தண்டனை பெற்று, ஒரே தீர்ப்பில் விடுதலையான இரண்டு நட்சத்திரங்கள். ஒருவர் மீண்டார். மற்றவர் மீளவில்லை.

கலைவாணர் உள்ளே இருந்தபோதே, வெளியே அவர் மனைவி டி.ஏ. மதுரமும் நடிகர் எஸ்.வி. சகஸ்ரநாமமும் குழுவைக் கலையவிடாமல் காத்து, 'பைத்தியக்காரன்' படத்தைத் தொடங்கியிருந்தார்கள். விடுதலையாகி வந்த கலைவாணர் அதிலேயே நடித்தார். 1949-இல் அண்ணா எழுத, 'நல்லதம்பி'. பிறகு 'மணமகள்', 'பணம்' என்று இயக்குநராகவும் ஆனார். 1957-இல் 48 வயதில் மறையும்வரை தமிழகம் அவரைக் கொண்டாடிக்கொண்டே இருந்தது. சிறைக்குப் போனவர் என்ற கறை அவர்மீது ஒட்டவில்லை. அவரது நகைச்சுவை அன்றாடத்திலிருந்து பிறந்தது. அன்றாடம் மாறினால் அதுவும் மாறிக்கொள்ளும். ரயிலைப் பற்றிப் பாடுவார், விஞ்ஞானத்தைப் பற்றிப் பாடுவார், மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்வார். கூட்டம் அவரிடம் எதிர்பார்த்தது அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பதைத்தான்.

பாகவதரிடம் கூட்டம் எதிர்பார்த்தது வேறு. அதே முகம், அதே குரல், அதே 1944. வெளியே வந்தபோது அவருக்கு வயது 37 மட்டுமே. ஆனால் அவர் இல்லாத காலத்தில் பிராட்வேயில் அவரது பிம்பம் நரைக்காமல், இளைக்காமல் நாள்தோறும் பாடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பிம்பத்தோடு போட்டியிட எந்த உடம்பாலும் முடியாது. சிறையை அனுபவித்து வந்த உடம்பால் நிச்சயம் முடியாது.

1948-இல் 'ராஜமுக்தி'. புனேயில் எடுத்தார்கள். வசனம் எழுதப் போனவர் புதுமைப்பித்தன். காசநோய் முற்றித் திரும்பி, அந்த ஆண்டே திருவனந்தபுரத்தில் காலமானார். தமிழ்ச் சிறுகதையின் பெரும் கலைஞனையும் தமிழ் இசைத்தட்டின் பெரும் குரலையும் ஒரே படம் ஒருசேர ஏமாற்றிவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. படம் ஓடவில்லை. 1952-இல் 'அமரகவி', 'சியாமளா' இரண்டும் பழைய மவுசை மீட்டுத் தரவில்லை.

அந்த 1952 தீபாவளிக்கு வெளியான இன்னொரு படத்தைக் குறிப்பிடாமல் இருக்கமுடியாது. 'பராசக்தி'. அதில் புதுமுகம் சிவாஜி கணேசன் நீதிமன்றக் கூண்டில் நின்று பேசினார். பாடவில்லை, பேசினார். கருணாநிதியின் வசனத்தைக் கேட்டுத் தியேட்டர் அதிர்ந்தது. மூன்றாண்டுகளுக்கு முன்பே 'வேலைக்காரி' இந்தத் திசையைக் காட்டிவிட்டது. அர்ச்சுனனும் அம்பிகாபதியும் வாழ்ந்த உலகத்தை விட்டு, பட்டினியும் சாதியும் வட்டிக்கடையும் உள்ள உலகத்துக்குத் திரை இறங்கிவிட்டது. போதாக்குறைக்குப் பின்னணிப் பாடல் முறை வேரூன்றிவிட்டது. நாயகனுக்கு இனிக் குரல் தேவையில்லை. பாகவதரின் ஒரே முதலீட்டுக்குச் சந்தையில் விலை இல்லாமல் போயிற்று.

சிறை அவரை அழித்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மை. அந்த வழக்கே இல்லாமல் இருந்திருந்தாலும் 1950-களின் திரை அவருக்கு வழிவிட்டிருக்காது. ஆனால் படிப்படியாக, மரியாதையோடு விலகும் வாய்ப்பாவது கிடைத்திருக்கும். சிறை அதையும் பறித்துக்கொண்டது.

புகழுக்குக் கிளை கட்டியவர்கள்

பாகவதருக்காக உயிரைக் கொடுப்போம் என்ற கூட்டம் லட்சக்கணக்கில் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை, தலைவர் இல்லை, கூடிப்பேச ஓர் இடம் இல்லை. ஆளாளுக்குத் தனித்தனியாக நேசித்தார்கள். பிறகு ஆளாளுக்குத் தனித்தனியாக வேறு பக்கம் திரும்பினார்கள். யாரும் துரோகம் செய்யவில்லை. பிடித்து நிறுத்த ஒரு கயிறு இல்லை, அவ்வளவுதான்.

'அசோக்குமார்' படத்தில் பாகவதரோடு சிறிய வேடத்தில் நடித்தவர் ஒருவர் உண்டு. 'ராஜமுக்தி'யிலும் உடன் இருந்தார். உச்சத்தையும் சரிவையும் மிக அருகிலிருந்து பார்க்க அவருக்கு வாய்த்தது. அவர் எம்.ஜி.ஆர். அவர் அதிலிருந்து என்ன கற்றார் என்பதை அவர் மனமே அறியும். நமக்குத் தெரிவது, 1950-களிலிருந்து அவர் பெயரில் ரசிகர் மன்றங்கள் ஊர் ஊராக எழுந்ததும், அவை வெறும் கைதட்டும் கூட்டமாக நின்றுவிடாமல் தேர்தல் வேலை பார்த்ததும்தான். 1967 ஜனவரியில் எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் தொண்டையில் குண்டு பாய்ந்தது. கழுத்துக் கட்டோடு அவர் படுத்திருந்த படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அதன்பின் அவர் பேச்சு பழையபடி தெளியவில்லை. ரசிகர்கள் அந்தக் குழறலையும் நேசித்தார்கள். 1972-இல் தனிக்கட்சி கண்டபோது மன்றங்கள் கிளைகளாயின. 1977-இல் முதலமைச்சர்.

குரலை நம்பி வாழ்ந்தவர், குரல் நன்றாக இருந்தும் கைவிடப்பட்டார். குரல் கெட்ட பிறகும் ஒருவர் முதலமைச்சரானார். நடுவில் இருப்பது மன்றம் என்ற அமைப்பு. அன்று முதல் தமிழ்நாட்டில் உச்சப் புகழ் ஒரு கலைஞனுக்கு வரும் கவுரவம் மட்டுமாக இருக்கவில்லை. உறுப்பினர் அட்டையும் கொடியும் ஓட்டும் உள்ள ஒரு சொத்தாகிவிட்டது. 1978-இல் 'பைரவி' படத்துக்கு விநியோகஸ்தர் தாணு, ரஜினிகாந்தின் பெயருக்கு முன்னால் சூப்பர் ஸ்டார் என்று போட்டு விளம்பரம் செய்தபோது, பட்டத்தைத் தாங்கிப் பிடிக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். இரு தலைமுறை ரசிகர்கள் அதற்கு ஏற்கெனவே பழகியிருந்தார்கள்.

அமைப்பு இருந்தால் கூட்டம் பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்தோம். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடிகர் விஜய்யின் கட்சிக் கூட்டத்தில் அவரைப் பார்க்க மணிக்கணக்கில் காத்திருந்தவர்களில் 41 பேர் நெரிசலில் சிக்கி இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. வழக்கும் விசாரணையும் தம் பணியைச் செய்யட்டும். எனக்கு அந்தத் தாய்மார்களின் நினைவுதான் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர்கள் அங்கே போனது எதற்காக? ஒரு முகத்தை ஒரு நொடி நேரில் பார்க்க. அந்த முகத்தை அறியாதவர்கள் அல்ல அவர்கள், தினமும் கையிலேயே அதை வைத்திருப்பவர்கள். எத்தனை முறை திரையில் பார்த்தாலும் தீராத ஒன்று நேரில் பார்ப்பதில் இருக்கிறது. ரயில் தண்டவாளக் கதையில் இருந்த அதே தாகம்தான். எண்பது ஆண்டுகளில் தொழில்நுட்பம் அந்தத் தாகத்தைக் குறைக்கவில்லை, வளர்த்திருக்கிறது. அந்த அன்பை வாங்கிக்கொள்பவர்களுக்கு அதைத் தாங்கும் பொறுப்பும் உண்டு. கூட்டத்தின் பெருக்கத்தைப் பெருமையாக எண்ணுபவர்கள், அந்தக் கூட்டத்தில் மூச்சுவிட இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாகவேண்டும்.

பாகவதர் கடைசிவரை பாடிக்கொண்டுதான் இருந்தார். கோயில்களில், கச்சேரி மேடைகளில். 1957-இல் தானே இயக்கி 'புதுவாழ்வு' எடுத்தார், ஓடவில்லை. நீரிழிவு வாட்டியது. 1959 நவம்பர் 1 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் இறந்தார். வயது 49. கடைசிப் படமான 'சிவகாமி' மறுவருடம் வெளிவந்தது. மொத்தம் 14 படங்கள்.

அவரை ஒரு வீழ்ச்சிக் கதையாக மட்டும் சொல்லி முடிப்பது நியாயமில்லை என்று நினைக்கிறேன். 'ஹரிதாஸ்' படத்தில் ஜி. ராமநாதன் இசையில் அவர் பாடிய சாருகேசி ராகப் பாடலைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்தப் பாட்டால் அந்த ராகமே வீடு வீடாகப் போனது. மதுரையில் அவரைக் கேட்டு வளர்ந்த ஓர் இளைஞர், 1950-இல் வந்த 'கிருஷ்ண விஜயம்' படத்தில் தன் முதல் பாடலை அப்படியே பாகவதர் பாணியில் பாடினார். டி.எம். சௌந்தரராஜன். அவர் 1954-இல் 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜிக்குப் பாடினார். 'மலைக்கள்ளன்' படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாடினார். அடுத்த இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டின் இரு பெரும் நட்சத்திரங்களும் வாயசைத்தது அந்தக் குரலுக்குத்தான். அந்த 1954-இல் பாகவதர் 44 வயதில், பாடும் தொண்டையோடு இருந்தார். அவர் நடித்த படம் எதுவும் அந்த ஆண்டு வெளிவரவில்லை.